ஸ்டியரினில் வளரும் ஈஸ்ட், கொக்கோ வெண்ணெய் போன்ற கொழுப்பு: கணக்கு எங்கே இடிக்கிறது?

பிளாஸ்க்28 (கேள்வி)

வணக்கம். யாரோவியா லிபோலிடிகா ஈஸ்டைத் தொழிற்சாலைக் கொழுப்பில் வளர்த்து, கொக்கோ வெண்ணெய்க்கு நெருக்கமான கொழுப்பு எடுக்கப் பார்க்கிறேன். ஜீன் மாற்றம் இல்லாத இயற்கை ஸ்ட்ரெய்ன்தான்.

மீடியம், லிட்டருக்கு: பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 7 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 2.5, மெக்னீசியம் சல்பேட் 1.5, கால்சியம் குளோரைடு 0.15, ஃபெரிக் குளோரைடு 0.15, அம்மோனியம் சல்பேட் 0.5, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 0.5, துளி துத்தநாகம், மாங்கனீசு. எல்லாவற்றையும் ஒன்றாகவே ஆட்டோகிளேவ் செய்கிறேன்.

கொழுப்பு: சோப்பு, மெழுகுவர்த்திக்காரர்கள் வாங்கும் ஸ்டியரின் செதில் (தனிக் கொழுப்பு அமிலங்களின் கலவை), 10 கிராம். ஜிசியில் (வாயு நிறப்பகுப்பு) பால்மிட்டிக் 48%, ஸ்டியரிக் 47%. கலக்குவதற்கு ட்வீன் 80, 2 கிராம். பிஎச் 6, வெப்பம் 28 °செ, 250 மில்லி பிளாஸ்க்கில் 50 மில்லி, 180 சுற்று.

72 மணியில் உலர் எடை 11.4 கிராம்/லிட்டர், அதில் கொழுப்பு 7.1 (62%). கொழுப்பில் ஸ்டியரிக் 66, பால்மிட்டிக் 25, ஓலியிக் 6. 55 °செ-க்குச் சூடாக்கினாலும் முழுசாக உருகவில்லை. 96 மணியில் கொழுப்பு 5.2 ஆக இறங்கிவிடுகிறது.

1) 62% நம்பலாமா? 2) ஓலியிக்கை எப்படி ஏற்றுவது? 3) 96 மணியில் ஏன் குறைகிறது? 4) இதைச் சாக்லேட்டில் போடச் சட்டம் விடுமா?

---

உறைநிலை

62% நம்ப முடியாது. ஆய்வகத்துக்குள் போகாமலே பேப்பரில் போட்டுப் பார்க்கலாம்.

11.4-ல் கொழுப்பு 7.1 போனால் கொழுப்பில்லாத செல் 4.3 கிராம். நீங்கள் போட்ட 10 கிராமில் 7.1 செல்லுக்குள் சேமிப்பாகப் போனது என்றால், செல் கட்ட மிஞ்சியது 2.9. அந்த 2.9 கிராம் கொழுப்பிலிருந்து 4.3 கிராம் செல் வந்ததாக ஆகிறது, அதாவது கிராமுக்கு 1.5. கொழுப்பு அமிலத்தில் ஈஸ்ட் நன்றாக வளர்ந்தாலும் கிராமுக்கு ஒரு கிராம் தொடுவதே பெரிது.

அடுத்தது நைட்ரஜன். அம்மோனியம் சல்பேட் 0.5 கிராமில் 0.106, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் சுமார் 0.05, ஆக 0.156 கிராம். 4.3 கிராம் செல்லுக்கு அது 3.6%. கொழுப்பில்லாத ஈஸ்டில் நைட்ரஜன் 7 முதல் 9% இருக்கும். பட்டினி போட்டால் 5-6 வரை இறங்கும். உங்கள் மீடியம் இரண்டரை, மூன்று கிராம் செல்லுக்கு மேல் தாங்காது.

அப்படியானால் மிச்சம் என்ன? இரண்டு சங்கதி. ஒன்று, செல்லின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டியரின். 28 டிகிரியில் அது திடப்பொருள் (பால்மிட்டிக் உருகுவது 63-ல், ஸ்டியரிக் 69-ல்). தண்ணீரில் கழுவினால் போகாது. இரண்டு, உப்பு வீழ்படிவு. இவ்வளவு பாஸ்பேட்டோடு கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்து ஆட்டோகிளேவில் வைத்தால் பாஸ்பேட்டாக விழும். போதாததற்குக் கால்சியம் சோப்பும் கொஞ்சம். அதெல்லாம் உலர் எடையில் "செல்" என்று ஏறுகிறது.

சென்ட்ரிஃபியூஜ் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மேலே வெள்ளை வளையம், அடியில் பாலாடை நிறத்தில் செல், இரண்டுக்கும் நடுவே ரவை மாதிரி சாம்பல் வெள்ளைப் படலம். அந்த நடுப்படலம் செல்லும் ஸ்டியரினும் கட்டிக்கொண்டு கிடப்பது. மைக்ரோஸ்கோப்பில் நைல் ரெட் மட்டும் போட்டால் ஏமாற்றும், அது உள்ளே இருக்கும் துளிக்கும் வெளியே இருக்கும் படிகத்துக்கும் சேர்த்தே சாயம் ஏற்றும். போலரைசரைக் குறுக்கே வையுங்கள்: படிகம் பளிச்சென்று மின்னும், செல்லுக்குள் உருண்டையாக இருக்கும் துளி பெரும்பாலும் இருட்டாக இருக்கும்.

கழுவும் முறை:

50 மில்லி பிராத்தை (செல் வளர்ந்த திரவத்தை) 4,500 ஜி-யில் 10 நிமிடம் சுற்றுங்கள். மேல்வளையத்தைத் தூக்கி எறியாதீர்கள், தனியே வையுங்கள். அடியில் இருப்பதில் எத்தனாலும் ஹெக்சேனும் சம அளவாகக் கலந்த 10 மில்லி, 35-40 °செ வெதுவெதுப்பில் ஊற்றி, 30 விநாடி மெதுவாகக் குலுக்கி மறுபடி சுற்றுங்கள். இதை இருமுறை செய்து கடைசியில் தண்ணீரில் ஒருமுறை. குளிர்ந்த கரைப்பானில் ஸ்டியரிக் அமிலம் சரியாகக் கரையாது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். சூடாக்குவது வாட்டர் பாத்தில், ஃப்யூம் ஹுட்டுக்குள். பக்கத்தில் பர்னர் கூடாது.

கழுவிய கரைப்பானையும் மேல்வளையத்தையும் எடை போட்ட பிளாஸ்க்கில் சேர்த்து ஆவியாக்கி, மிஞ்சுவதை எடை பாருங்கள். அதுதான் தின்னாத கொழுப்பு. போட்டது, மிஞ்சியது, செல்லுக்குள் போனது மூன்றும் தெரிந்தால்தான் உங்கள் அட்டவணையை யாரும் நம்புவார்கள்.

இரண்டு கண்ட்ரோல் (ஒப்பீட்டுச் சோதனை) கட்டாயம். ஒன்று: குளுக்கோஸில் வளர்த்து 60 டிகிரியில் அரை மணி வைத்துக் கொன்ற செல்லோடு ஸ்டியரினைக் கலந்து, ஒரு மணி நேரம் ஷேக்கரில் விட்டு, இதே மாதிரி கழுவி எடுங்கள். செல்லில் முன்பே இருந்ததற்கு மேல் வருவது உங்கள் முறையின் பிழை. மற்றொன்று: குளுக்கோஸில் கொழுத்த செல்லைக் கழுவியும் கழுவாமலும் அளந்து பாருங்கள். கழுவியதில் கொழுப்பு குறைந்தால் கரைப்பான் உள்ளே போய்ச் சுரண்டுகிறது என்று அர்த்தம், நேரத்தைக் குறையுங்கள்.

உப்புக்கு வழி எளிது. பாஸ்பேட்டைத் தனியாகவும், மெக்னீசியம், கால்சியம், இரும்பைத் தனியாகவும் ஆட்டோகிளேவ் செய்து ஆறிய பிறகு சேருங்கள்.

ட்வீன் 80-ஐ விட்டுவிடுங்கள். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஓலியிக் அமிலம், யாரோவியா அதை வெட்டித் தின்னும். 2 கிராமில் 0.4 கிராம் ஓலியிக். உங்கள் 7.1 கிராமில் 6% எவ்வளவு? 0.43. உங்கள் ஓலியிக் முழுக்க அந்தப் பாட்டிலிலிருந்தே வந்திருக்கலாம்.

---

நொதிக்கலன்

உறைநிலை சொன்னதோடு ஒன்று: ஜிசிக்குப் போடும் முன் கொழுப்பை மெத்தில் எஸ்டராக எப்படி மாற்றுகிறீர்கள்? சோடியம் மெத்தாக்சைடு மட்டும் என்றால் அது கிளிசரைடுகளைத்தான் (கிளிசராலோடு கோத்த கொழுப்பு அமிலங்களைத்தான்) மாற்றும். தனிக் கொழுப்பு அமிலம் அப்படியே நின்றுவிடும், ஜிசியில் தெரியாது. மெத்தனாலில் 2.5% கந்தக அமிலம், 80 °செ, 90 நிமிடம் என்றால் இரண்டும் மாறும். இரண்டு முறையிலும் ஓட்டி, வித்தியாசத்தைப் பார்த்தாலே தனி அமிலம் எவ்வளவு என்று ஒரு மதிப்பு கிடைக்கும்.

டிஎல்சி-யும் (மெல்லடுக்கு நிறப்பகுப்பு) போடுங்கள். ஹெக்சேன், டைஎத்தில் ஈதர், அசிட்டிக் அமிலம் 80:20:1. அயோடின் ஆவியை நம்ப வேண்டாம், நிறைவுற்ற கொழுப்பு அதில் மங்கலாகத்தான் தெரியும். பிரிமுலின் சாயம் தெளித்துப் புறஊதா விளக்கில் பாருங்கள். கொக்கோ வெண்ணெய் என்பது ட்ரைகிளிசரைடு, அதாவது ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலம் கோத்தது. உங்கள் கையில் இருப்பதில் பாதி தனி அமிலமாக இருந்தால், கொழுப்பு அமில விகிதம் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அது வேறு சாமான்.

ஓலியிக் கேள்விக்கு வருகிறேன். சர்க்கரையில் வளரும்போது ஈஸ்ட் கொழுப்பைத் தானே கட்டுகிறது, அதற்கு நைட்ரஜன் தீர வேண்டும். கொழுப்பில் வளரும்போது வெளியிலிருந்து எடுத்ததை அப்படியே அடுக்குகிறது. வளர்ச்சியோடு கூடவே சேமிப்பும் நடக்கும், புதிதாகக் கட்டும் வேலை பெரும்பாலும் அடங்கிவிடும். போடுவதுதான் வரும். ஆனால் போட்ட விகிதத்திலேயே வராது.

இந்த வேலையில் முன்னோடிகள் கிரேக்கத்தின் பாபனிகொலாவும் அக்கெலிஸும். 2001-லும் 2003-லும் வந்த அவர்கள் ஆய்வுகளில், விலங்குக் கொழுப்பிலிருந்து வரும் ஸ்டியரினைத்தான் இதே ஈஸ்டுக்குக் கொடுத்தார்கள். லாரிக், மிரிஸ்டிக், பால்மிட்டிக் அமிலங்களை அது ஆவலாக உள்ளே இழுக்கிறது, ஸ்டியரிக்கை ஒதுக்குகிறது. ஆவலாக இழுத்தது வளர்ச்சிக்கு எரிந்துபோகும், மெதுவாக வந்த ஸ்டியரிக் சேமிப்பில் தங்கும். 2003 ஆய்வில் ஸ்டியரினோடு பயோடீசல் ஆலைக் கிளிசராலும் குளுக்கோஸும் சேர்த்தார்கள். அப்படியும் கொழுப்பில் ஸ்டியரிக் 50-70%, பால்மிட்டிக் 15-20, ஓலியிக் 7-20, லினோலியிக் 2-7. அதிகபட்சக் கொழுப்பு லிட்டருக்கு 3.4 கிராம். உங்கள் 7.1-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குறி என்ன? கொக்கோ வெண்ணெயில் பால்மிட்டிக் சுமார் 26, ஸ்டியரிக் 35, ஓலியிக் 34, லினோலியிக் 3. ஸ்டியரிக் செல்லுக்குள் பெருகும் என்பதால் தீனியில் அதைக் குறைத்தே தொடங்க வேண்டும். உங்கள் செதில் ஒரு பங்கு, ஓலியிக் 75% உள்ள வணிக ஓலியிக் அமிலம் ஒரு பங்கு கலந்தால் தீனியில் பால்மிட்டிக் 26, ஸ்டியரிக் 24, ஓலியிக் 38 வாக்கில் வரும். அங்கிருந்து ஆரம்பித்து, முடிவைப் பார்த்து 5% படியாக நகர்த்துங்கள். ஓலியிக் அமிலம் கலந்தால் கொழுப்பின் உருகுநிலையும் இறங்கும், கட்டி கட்டுவதும் குறையும்.

கிளிசராலும் 10 கிராம் சேருங்கள். செல்லுக்கு எரிக்க வேறு தீனி கிடைக்கிறது, கொழுப்பு மிஞ்சுகிறது, ட்ரைகிளிசரைடுக்கு முதுகெலும்பும் கிடைக்கிறது. ஆலைக் கிளிசரால் என்றால் மெத்தனால் மிச்சத்தை முதலில் ஓட்டிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: கிளிசரால் மீதி இருக்கும்போது நைட்ரஜன் தீர்ந்தால் யாரோவியா சிட்ரிக் அமிலம் கக்கும். அந்த 2003 வேலையிலேயே 14 கிராம் வரை போயிருக்கிறது. பிஎச் சரியும். சிட்ரிக் அமிலக்காரர்கள் வழக்கமாகக் கால்சியம் கார்பனேட் போடுவார்கள். இங்கே போட்டால் கொழுப்பு அமிலம் கால்சியம் சோப்பாகிச் சுண்ணாம்பு மாதிரி உட்கார்ந்துவிடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் மட்டும் சரிசெய்யுங்கள்.

சர்க்கரையில் வளர்ப்பவர்களுக்குப் பிரச்சினை நேர் எதிர், அவர்களுக்கு ஸ்டியரிக்தான் போதாது. ஸ்டியரிக்கை ஓலியிக்காக மாற்றும் நொதியை அடக்க, நம் ஊர்ப் பீநாறி மர விதை எண்ணெயில் உள்ள ஸ்டெர்குலிக் அமிலத்தை 1980-களில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். வேலை செய்தது, ஆனால் அந்த அமிலம் உண்ணும் கொழுப்பில் இருக்கத் தகாதது.

---

பிளாஸ்க்28

நன்றி சார், இருவருக்கும். அதே செதில், அதே மீடியம், ட்வீனும் மாற்றாமல் கழுவும் முறையை மட்டும் மாற்றி 72 மணியில் அளந்தேன். உலர் எடை 4.4, கொழுப்பு 1.9 (43%), கரைப்பானில் மிஞ்சியது 5.6. கொன்ற செல் கண்ட்ரோலில் 0.1 கிராமுக்குள்தான் கூடுதல்.

அப்படியானால் 96 மணியில் குறைவது என்ன?

---

உறைநிலை

இப்போது கணக்கு நேராகிறது. ட்வீனில் வந்ததையும் சேர்த்து 10.4 போட்டீர்கள், 5.6 மிச்சம், தின்றது 4.8. அதில் 1.9 சேமிப்பு, 2.9 எரிந்து 2.5 கிராம் செல். கிராமுக்கு 0.86, செல்லில் நைட்ரஜன் 6.2%. இரண்டும் நடக்கக்கூடிய எண்.

96 மணியில் குறைந்தது பெரும்பாலும் செல்லின் மேல் ஒட்டியிருந்த ஸ்டியரின். செல் அதைத் தின்றதை நீங்கள் சேமிப்பு கரைந்ததாகப் பார்த்திருக்கிறீர்கள். உண்மையான கரைவு, பெரும்பாலும் வெளியே தின்னக்கூடிய கொழுப்பு குறையும்போது வரும். உள்ளே வரும் வேகம் எரிக்கும் வேகத்துக்குக் கீழே போனதும் செல் தன் சேமிப்பில் கை வைக்கும். எரிக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் நொதிக்கு யாரோவியாவில் ஆறு ஜீன்கள். அவற்றை நீக்கிய ஸ்ட்ரெய்னில் இந்தக் கரைவு பெரிதும் நின்றுவிடும், இயற்கை ஸ்ட்ரெய்னில் நிற்காது. அதனால் மிச்சக் கொழுப்பு 1-1.5 கிராமுக்கு வரும்போதே அறுவடை. 48 மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாதிரி எடுங்கள்.

உங்கள் இப்போதைய சிக்கல் வேறு: 72 மணியிலும் பாதிக்கு மேல் தின்னாமல் கிடக்கிறது. நைட்ரஜன் தீர்ந்துவிட்டது, கொழுப்புத் துகளும் பெரிது. அம்மோனியம் சல்பேட்டை 1 கிராம் ஆக்குங்கள். கொழுப்பிலிருந்து சேமிக்க நைட்ரஜன் பட்டினி தேவையில்லை. எமல்ஷனை இப்படிச் செய்யுங்கள்:

100 மில்லி தண்ணீரில் 5 கிராம் கம் அரபிக், 80 °செ. தனியே உருக்கிய கொழுப்புக் கலவை 10 கிராமில் 0.1 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சில துளித் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். அமிலத்தில் சுமார் 5% சோப்பாகும். இரண்டையும் கலந்து ஹோமோஜெனைசரில் 10,000 சுற்று, 3 நிமிடம், சூடு 75-க்குக் கீழே போகாமல். பிறகு 30 டிகிரியில் இருக்கும் 900 மில்லி மீடியத்தில், நன்றாகக் கலக்கிக்கொண்டே மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். பட்டவுடன் துகள் உறையும். பிஎச் 6-ல் சோப்பு மறுபடி அமிலமாகிவிடும், ஆனால் அதற்குள் துகள் சிறிதாகி, கம் அரபிக் அதைப் போர்த்திக்கொண்டிருக்கும். மீடியம் 45-50 டிகிரியில் இருக்கும்போது ஊற்றினால் மெதுவாக ஆறும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கடுகளவு மணியாகும். அதன்பின் எந்த ஷேக்கரும் அதை உடைக்காது.

கம் அரபிக்கும் உலர் எடையில் ஏறும், கடைசித் தண்ணீர்க் கழுவலை இரண்டாக்குங்கள். பெரிய கலனுக்குப் போனால் கரைந்த ஆக்சிஜன் சென்சாரின் முனையில் கொழுப்பு படிந்து, ஆக்சிஜன் இல்லை என்று பொய் சொல்லும். அதை நம்பிக் காற்றைக் கூட்டினால் கொழுப்பு எரிவதும் கூடும்.

---

செக்கடி

நான்காவது கேள்வியை யாரும் தொடவில்லை. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் எந்தக் கொழுப்பை வாங்குவது என்பதையே இதுதான் தீர்மானிக்கிறது.

ஈஸ்ட் சுத்திகரிப்பு ஆலை அல்ல. கொழுப்பில் கரையும் பூச்சிமருந்து மிச்சம், டயாக்சின், கனிம எண்ணெய் எதுவானாலும் கொழுப்போடு சேர்ந்து செல்லுக்குள் போய் உங்கள் கடைசிச் சரக்கில் வந்து நிற்கும். மெழுகுவர்த்திக்கு விற்கும் செதில், ஹைட்ரஜன் ஏற்றியதாக இருந்தால் நிக்கல் மிச்சமும் இருக்கலாம். அளந்து கற்க அது போதும். உண்ணும் பண்டத்துக்கு, எங்கிருந்து வந்தது என்று சீட்டு காட்டக்கூடிய உணவுத்தரக் கொழுப்பு வேண்டும்: உதாரணமாக, பாமாயிலில் பிரியும் ஸ்டியரின். அதில் பால்மிட்டிக் 50-க்கு மேல் என்பதால் ஸ்டியரிக்கைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும். மாட்டுக் கொழுப்பின் விகிதம் (பால்மிட்டிக் 26, ஸ்டியரிக் 20, ஓலியிக் 42 வாக்கில்) தீனிக்கு மிகவும் பொருந்தும்தான். ஆனால் நம் சந்தையில் சைவப் பச்சைப்புள்ளி கேட்கும் இனிப்புக்கு அது ஆகாது.

பொரித்து மீந்த எண்ணெய் பக்கமே போகாதீர்கள். போலார் பொருள் (எண்ணெய் சிதைந்து உண்டாவது) 25% தாண்டிய எண்ணெயை மறுபடி உணவில் சேர்க்கக் கூடாது என்று 2018 முதல் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி இருக்கிறது. ஈஸ்டுக்குள் ஒரு சுற்று போய்வந்தது என்பதற்காக அது உணவாகிவிடாது. பயோடீசலுக்குப் போகட்டும்.

சாக்லேட் விதி: ஐரோப்பாவில் 2000-ஆம் ஆண்டு உத்தரவுப்படி கொக்கோ வெண்ணெயோடு கூட, மொத்தச் சாக்லேட்டில் 5% வரை வேறு கொழுப்பு சேர்க்கலாம், ஆனால் ஆறு தாவரங்களின் கொழுப்பு மட்டும்: இல்லிபே, பாம், சால், ஷியா, கோகம், மாங்கொட்டைப் பருப்பு. ஈஸ்ட் கொழுப்பு அந்தப் பட்டியலில் இல்லை, "சாக்லேட்" என்ற பெயரில் விற்க வழியில்லை. கோட்டிங், பிஸ்கட் கிரீம் போன்றவற்றுக்கு முயலலாம், அதற்கும் புதுவகை உணவு அனுமதி வேண்டும். யாரோவியா செல் பொடிக்கு ஐரோப்பாவில் 2019-ல் அனுமதி கிடைத்தது; அது உயிரற்ற முழுச் செல்லுக்கு, பிழிந்த எண்ணெய்க்கு அல்ல. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் குறிப்பிடப்படாத உணவுகளுக்கான விதிமுறையின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் கொக்கோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியதிலிருந்து இந்த யோசனை பலருக்கும் வந்திருக்கிறது. ஆனால் போட்டி கொக்கோவோடு அல்ல. பாமாயிலைப் பிரித்தால் கிடைக்கும் நடுப்பகுதிக் கொழுப்பில், ட்ரைகிளிசரைடின் இரு ஓர அமிலங்களை மட்டும் வெட்டும் லிபேஸ் (கொழுப்பை வெட்டும் நொதி) கொண்டு ஸ்டியரிக்கை மாற்றிப் பொருத்தும் முறைக்கு யூனிலீவர் 1970-களிலேயே காப்புரிமை கேட்டது. அதில் காற்றடிக்க வேண்டாம், செல்லை உலர்த்த வேண்டாம், கொழுப்பில் பாதி எரிந்து வளர்ச்சிக்குப் போகாது. நடுவில் ஓலியிக், இரு ஓரத்தில் நிறைவுற்ற அமிலம் என்ற அமைப்பும் பிசகாமல் வரும். கொக்கோ வெண்ணெய் வாயில் 34 டிகிரியில் சட்டென உருகுவது அந்த அமைப்பால்தான். ஈஸ்ட் அதை வெல்ல வேண்டுமானால், அந்த லிபேஸ் முறை தொட விரும்பாத கலப்படமான தீனியில் (கிளிசரால், தனி அமிலம், சோப்பு எல்லாம் கலந்து வரும் உணவுத்தரப் பக்கப்பொருளில்) வெல்ல வேண்டும். உங்கள் அட்டவணையில் நடு இட ஓலியிக் எண்ணும் இருக்கட்டும்: கணைய லிபேஸால் ஓரங்களை வெட்டி, மிஞ்சும் மோனோகிளிசரைடை டிஎல்சி-யில் பிரித்து ஜிசி ஓட்டினால் கிடைக்கும்.

---

பிளாஸ்க்28

புரிந்தது. கலப்புத் தீனியோடு கிளிசராலும் சேர்த்து ஓட்டப் போகிறேன். அறுவடை செய்த செல்லை இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்து மறுநாள் உலர்த்தலாமா?

---

நொதிக்கலன்

வேண்டாம். யாரோவியாவுக்கு லிபேஸ் அதிகம், குளிரிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டிருக்கும். காலையில் தனி அமிலம் ஏறியிருக்கும், நீங்கள் தீனி சரியில்லை என்று நினைப்பீர்கள். பிராத்தை எடுத்தவுடன் 80 °செ, 10 நிமிடம். பிறகு சுற்றி, கழுவி, உறையவைத்து உலர்த்துங்கள். சூடாக்கும் முன்னும் பின்னும் ஒவ்வொரு மாதிரி எடுத்து டிஎல்சி-யில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், தனி அமிலப் பட்டை இரண்டிலும் ஒரே அளவு தெரிய வேண்டும்.